பிறப்பிடம், வசிப்பிடம், வயது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் சுகாதாரப் பக்கத்தில் ஒரு டொக்டர் எழுதியிருந்தார். தினமும் அரை மணித்தியாலம் நடவுங்கள், சீனியைக் குறையுங்கள், சோற்றைப் பாதியாக்குங்கள், கிளினிக்கைத் தவறவிடாதீர்கள், ஆயுள் உங்கள் கையில்தான் இருக்கிறது என்று. சொன்னதில் பிழை இல்லை. எனக்கும் சீனி வருத்தம் இருக்கிறது, நானும் சோற்றைக் குறைத்தவன்தான். ஆனால் அந்தக் கடைசி வரி மூன்று நாளாக என்னைச் சும்மா இருக்க விடவில்லை. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளும். இடம் போதாவிட்டால் என் சொந்தக் கதையை வெட்டுங்கள், கீழே வரும் அந்த அம்மாவின் கதையை மட்டும் வெட்ட வேண்டாம்.

கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் முப்பத்தெட்டு வருடமாக வேலை செய்கிறேன். ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்த காலத்தில் சேர்ந்தேன், இப்போது கொம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். கலியாணக் காட், கோயில் திருவிழா நோட்டீஸ், பில் புத்தகம் எல்லாம் வரும், போகும். பருவம் பார்க்காமல் வருவது மரண அறிவித்தல் ஒன்றுதான்.

அதற்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. உங்கள் பத்திரிகையிலும் அதேதான். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன இடத்தை வசிப்பிடமாகவும் கொண்ட இன்னார், இன்ன திகதி காலமானார். பிறகு என்ன வேலை பார்த்தார், யாருடைய மகன், யாருடைய கணவர், பிள்ளைகள் எங்கெங்கே. கடைசியில் ‘இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்’. இத்தனை வருடத்தில் இந்த வரிசை மாறியதில்லை. ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். எந்த நோயில் போனார் என்று நாங்கள் அச்சடிப்பதே இல்லை. எங்கே பிறந்தார், எங்கே வாழ்ந்தார், என்ன வேலை செய்தார் என்பதைத்தான் முதலில் சொல்கிறோம். அதைக் கோத்து முடிக்கும்போதே வயது என்னவாக இருக்கும் என்று எனக்கு ஓரளவு தெரிந்துவிடும். துண்டை முழுக்க வாசிக்க வேண்டியதில்லை.

எங்களிடம் இரண்டு மாதிரி வேலை வரும். ஒன்று 31ஆம் நாள் நினைவு மலர். ஆர்ட் பேப்பர், கலர் படம், தேவாரம், பேரப்பிள்ளைகளின் கவிதை. மற்றது அரைத்தாள் நோட்டீஸ், கறுப்பு வெள்ளை, ஐம்பதோ நூறோ பிரதி. சந்தி மதிலிலும் ஓட்டோவின் பின்கண்ணாடியிலும் ஒட்டுவார்கள், மழை வந்தால் மறுநாள் இராது. நினைவு மலரில் வருகிறவர்களின் வயது 84, 91, 88 என்று போகும். மதிலில் ஒட்டப்படுகிறவர்கள் 58, 47, 63. முதல் மாதிரிப் பூதவுடல் பெரும்பாலும் கனத்தை மயானத்துக்குப் போகும், மற்ற மாதிரி மாதம்பிட்டி மயானத்துக்கு.

இது புள்ளிவிபரம் இல்லை, தெரியும். காசுள்ளவன் மலர் போடுகிறான், அதனால் மலரில் காசுள்ளவன்தான் இருப்பான். வெள்ளவத்தையில் 49 வயதில் மாரடைப்பில் போன டொக்டர் ஒருவருக்கும் நான் மலர் கோத்திருக்கிறேன். எங்கள் ஒழுங்கையில் 94 வயதுவரை வெற்றிலை போட்டுக்கொண்டு எல்லோரையும் ஏசிக்கொண்டு இருந்த ஆச்சி ஒருவரும் உண்டு. இருந்தாலும் முப்பத்தெட்டு வருடம் ஒரே பக்கமாகச் சாயும் தராசை எத்தனை நாளைக்குத்தான் தற்செயல் என்பது?

சரி, அந்த அம்மாவின் கதைக்கு வருகிறேன். இந்த வருடம் நடந்தது. ஒரே காலையில் இரண்டு ஓடர். முதலாவது வட்ஸ்அப்பில் வந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து வெள்ளவத்தையில் வாழ்ந்த, இளைப்பாறிய பொறியியலாளர், வயது 91. பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிகள்: கனடா, லண்டன், நோர்வே. இரண்டாவதை ஒரு பெண் நேரில் கொண்டுவந்தார். புளுமெண்டால் பக்கம் ஒரு தோட்டத்தில், அதாவது நெருக்கமான பலகை வீட்டுக் குடியிருப்பில், இருக்கிறார். கணவர் ஹட்டனில் பிறந்தவர், புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமை, வயது 52. கூடவே மூன்று வயதுப் பேரன், வெட்டிய தாள்துண்டுகளைத் தரையில் அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தான்.

படம் கேட்டேன். சொப்பின் பையிலிருந்து கணவரின் கிளினிக் கொப்பியை எடுத்தார். அதற்குள்தான் அடையாள அட்டைக்கு எடுத்த படம் இருந்தது. கொப்பியை மேசையில் வைத்துவிட்டுப் படத்தை ஸ்கேன் பண்ணப் போனேன். திரும்பி வந்தபோது அது தானாகத் திறந்து கிடந்தது. புரூஃப் பார்க்கிறவனின் கண் சும்மா இராது. திகதிகளைப் பார்த்தேன். சில வருடங்கள் மாதம் தவறாமல் முத்திரை விழுந்திருக்கிறது. அப்புறம் ஒரு மாதம் இருக்கிறது, இரண்டு மாதம் இல்லை. 2022இல் இரண்டு இடத்தில், இந்தக் குளிசை இங்கே இல்லை, வெளியில் வாங்கவும் என்று எழுதியிருந்தது. அதற்குப் பிறகு ஏழு மாதம் வெறும் தாள்.

கேட்டேன். கிளினிக் கிழமை நாளில், காலையில். விடியற்புறம் போய் நம்பர் எடுத்தால் பகல் ஒரு மணிக்கு மருந்தோடு வரலாம். அன்று மூட்டை தூக்காவிட்டால் அன்று காசு இல்லை. பொருளாதார நெருக்கடி வந்த 2022ஐப் பற்றி உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பில் சாப்பாட்டுச் சாமான்களின் விலை முந்திய வருடத்தைவிட 94.9 வீதம் கூடியிருந்தது, ஏறக்குறைய இரண்டு மடங்கு. பிரஷர் குளிசைக்கும் பாணுக்கும் நடுவில் ஒரு வீட்டில் எது வெல்லும்? இரண்டு நாளைக்கு ஒரு குளிசை என்று அவராகவே ஒரு கணக்குப் போட்டு விழுங்கியிருக்கிறார்.

டொக்டர் நடக்கச் சொல்கிறார். அந்த மனிதர் இருபத்தைந்து வருடமாக ஐம்பது கிலோ அரிசி மூட்டையை முதுகில் வைத்து லொறிக்கும் கடைக்கும் நடுவில் நடந்தவர். நடுவில் தெம்புக்கு மூன்று கரண்டி சீனி போட்ட பிளேன்டீ.

நோட்டீஸைக் கோத்துக் காட்டினேன். எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுச் சொன்னார்: “அண்ணே, வயச போடாம விடலாமா?”

ஏன் என்றேன்.

“அம்பத்திரண்டுன்னு பாத்தா எல்லாரும் குடிச்சாரான்னுதான் கேப்பாங்க. அவரு குடிச்சதில்ல அண்ணே. ஒரு பீடி கூட இல்ல.”

எடுத்துவிட்டேன். வயதில்லாமல் நூறு பிரதி அடித்துக் கொடுத்தேன். இத்தனை வருடத்தில் பெயர்ப் பிழைக்காக, திகதிப் பிழைக்காக, மருமகனின் பட்டம் விட்டுப்போனதற்காகத் திருத்தம் சொல்லியிருக்கிறார்கள். வெட்கப்பட்டு வயதை எடுக்கச் சொன்னது இதுதான் முதல் தடவை. ஆயுள் நம் கையில் என்று வாரா வாரம் வாசிக்கிற ஊரில் 52இல் போனவன் குற்றவாளி. அவன் பெண்சாதி அதற்குச் சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தத் தொழிலில் ஒரு வசதி, காசு கொடுக்காமல் வாசிக்கலாம். சில வருடத்துக்கு முன் மருத்துவத்துறைக்காரர் ஒருவருடைய சிறுநூலைக் கோத்தபோது தெரிந்துகொண்டேன். இலண்டனில் 1967இல் தொடங்கிப் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட அரசாங்க உத்தியோகத்தர்களைத் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். மைக்கல் மார்மட் என்பவர்தான் இதில் முக்கியமானவர். எல்லோரும் ஆண்கள், எல்லோருக்கும் மாதச் சம்பளம், எல்லோருக்கும் இலவச வைத்தியம். ஒருவரும் பட்டினி இல்லை. அப்படியிருந்தும் கீழ்ப்படியில் இருந்த பியோன், வாசல்காவலர் போன்றவர்கள், மேல்படியில் இருந்த பெரிய அதிகாரிகளைப்போல் மூன்று மடங்கு வீதத்தில் செத்திருக்கிறார்கள். நடுப்படிக்காரர்கள் நடுவில். படிக்கட்டு மாதிரியே, ஒவ்வொரு படிக்கும் ஒரு வித்தியாசம். புகை, கொழுப்பு, பிரஷர் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தும் அந்த வித்தியாசத்தில் மூன்றிலொரு பங்கு அளவில்தான் விளங்கப்படுத்த முடிந்ததாம். மிச்சம், தன் வேலையில் தனக்கு எவ்வளவு பிடி இருக்கிறது, அடுத்த மாதம் என்னாகுமோ என்ற பயம் எவ்வளவு காலம் உடம்புக்குள் இருக்கிறது என்ற மாதிரிக் காரியங்கள்.

அதே மார்மட் தலைமையில் உலக சுகாதார நிறுவனம் அமைத்த ஆணைக்குழு 2008இல் அறிக்கை வெளியிட்டது. ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் கால்டன் என்ற ஏழைப் பகுதியில் பிறக்கும் ஆண்பிள்ளைக்கு எதிர்பார்க்கக்கூடிய ஆயுள் 54. சில மைல் தள்ளி லென்ஸியில் 82. ஒரே மொழி, ஒரே மழை, 28 வருடம் வித்தியாசம். 54க்கும் 82க்கும் நடுவில் எனக்கு என் மேசைதான் தெரிந்தது.

நம் நாடு மோசம் என்று சொல்ல வரவில்லை. 1946 அளவில் இலங்கையில் ஒருவருக்கு எதிர்பார்த்த ஆயுள் 43 வருடம். இப்போது 77 அளவில். பணக்கார நாடாகாமலே இதைச் செய்தோம் என்று 1985இல் கேரளா, சீனா, கொஸ்தாரிக்காவோடு சேர்த்து இலங்கையையும் உலகம் உதாரணம் காட்டியது. மலேரியாவை அடக்கியது, வீட்டுக்கு வரும் குடும்பநல மாது, இலவச ஆஸ்பத்திரி, பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பியது, அரிசிப் பங்கீடு எல்லாம் சேர்ந்த காரியம். ஒருவருடைய ஆயுளும் அவரவர் கையில் விடப்பட்டிருக்கவில்லை. அதனால்தான் கூடியது.

ஆனால் அந்த வரிசையில் எல்லோரும் ஒன்றாக நிற்கவில்லை. நானும் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் ஒரு லயத்துக் காம்பராவில் பிறந்தவன். நாடு ஆயுளைக் கூட்டிக்கொண்டு போன காலத்தில், 1948 குடியுரிமைச் சட்டத்தோடு எங்கள் ஆட்கள் குடியுரிமை இல்லாமல் நின்றார்கள். வருத்தம் என்றால் தோட்டத்து டிஸ்பென்சரி, அதைவிட்டால் லொறியில் டவுனுக்கு. என் அம்மாவுக்கு எனக்கு முன்னே இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. பெயர் வைக்கும் முன்பே போய்விட்டதாகச் சொல்வார், அதற்குமேல் சொல்லமாட்டார். அதெல்லாம் பழங்கதை என்பவர்கள் 2016ஆம் ஆண்டுக் குடிசன, சுகாதார மதிப்பீட்டைப் பார்க்கலாம். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17, தோட்டப்புறத்தில் 32.

பதினெட்டு வயதில் கொழும்புக்கு வந்தேன். இங்கேயும் நான் போய்த் தங்கிய இடத்துக்குப் பெயர் தோட்டம். மரமும் இல்லை, கொழுந்தும் இல்லை, இரண்டு பக்கமும் பலகை வீடு, நடுவில் கான். தோட்டத்திலிருந்து தோட்டத்துக்கு வந்தேன் என்று பகிடியாகச் சொல்வேன். கொழும்பு நகருக்குள் ஏறக்குறைய 68,000 குடும்பங்கள் வசதி குறைந்த குடியிருப்புகளில் இருப்பதாக நகர அபிவிருத்தி அதிகார சபை கணக்கெடுத்தது. அவர்களை மாடிவீடுகளுக்கு மாற்றும் திட்டத்தில் என் அக்காவும் ஒரு தொடர்மாடியில் எட்டாம் மாடிக்குப் போனார்.

அதையும் ஒருபக்கமாகச் சொல்லக்கூடாது. அக்காவுக்கு இப்போது சொந்தக் குழாய், சொந்தக் கக்கூஸ், மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வருவதில்லை. திரும்பிப் போகிறாயா என்றால் முறைப்பார். ஆனால் லிப்ட் பழுதாகும் நாட்கள் உண்டு, சிலவேளை வாரக்கணக்கில். அக்காவுக்கு முழங்கால் தேய்வு. லிப்ட் இல்லாத வாரம் கிளினிக் இல்லை, கோயில் இல்லை, சந்தை இல்லை. பழைய ஒழுங்கையில் விடிந்து எட்டு மணிவரை அக்கா கதவைத் திறக்காவிட்டால் முன்வீட்டுச் சிங்கள அம்மா வந்து தட்டுவார், பக்கத்துவீட்டு முஸ்லிம் பெடியன் கடைக்குப் போகும்போது என்ன வேண்டும் என்று கேட்பான். மாடியில் நீளமான கொரிடோர், இரண்டு பக்கமும் மூடிய கதவு. அக்கா குளியலறையில் விழுந்த அன்று பின்னேரம் மகள் வேலைவிட்டு வரும்வரை தரையில் கிடந்தார். சிமெந்துக் கூரைக்குக் கீழே ஏப்ரல் மாத வெக்கை வேறு.

1995 ஜூலையில் அமெரிக்காவின் சிக்காகோவில் வெப்ப அலையில் எழுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அதிகமும் தனித்திருந்த வயதானவர்கள். அங்கே அடுத்தடுத்த இரண்டு பகுதிகள், வறுமை இரண்டிலும் உண்டு, தனியாக வாழும் முதியோரும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் ஒன்றில் இறப்பு வீதம் மற்றதைவிடப் பத்து மடங்கு. காரணம் தேடிப் பார்த்தால், குறைவாக இறந்த பகுதியில் கடைகளும் சனநடமாட்டமும் இருந்தன. கிழவி வாசலுக்கு வந்தால் பேச ஆள் இருந்தது. மற்றதில் கடைகள் மூடி, வீடுகள் பாழாகி, வெளியே வரவே பயம். சிக்காகோவைப் பற்றி வாசித்தபோது அந்த முன்வீட்டு அம்மாதான் நினைவுக்கு வந்தார்.

இன்னொரு சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். மரண அறிவித்தலில் அடிக்கடி வரும் ‘இளைப்பாறிய’. இளைப்பாறிய ஆசிரியர், இளைப்பாறிய தபாலதிபர். அரசாங்கச் சம்பளம் வாங்கியவருக்குப் பென்ஷன் உண்டு, இளைப்பாறலாம். கொம்பனியில் வேலை செய்தவருக்கு 1958இலிருந்து ஊழியர் சேமலாப நிதி, அதுவும் முதலாளி பெயரைப் பதிந்து கட்டியிருந்தால். 2021இல் ஓய்வு வயது 60 என்று சட்டம் வந்தது. நாட்டாமைக்கு இதெல்லாம் யாரோ வீட்டுக் கலியாணம். முப்பத்தெட்டு வருடத்தில் ‘இளைப்பாறிய நாட்டாமை’ என்று நான் ஒரு தடவையும் கோத்ததில்லை.

வெள்ளவத்தையில் 91 வயதுவரை இருந்தவருக்கும் கஷ்டம் இல்லாமல் இல்லை. அந்த அடைப்புக்குறிகளைப் பார்த்தாலே விளங்கும், பிள்ளைகள் எல்லாம் அதற்குள்தான் இருக்கிறார்கள். 2012 கணக்கெடுப்பிலேயே நாட்டில் எட்டுப் பேருக்கு ஒருவர் 60ஐத் தாண்டியிருந்தார். ஆயுளை நீட்டினோம், நீட்டிய ஆயுளில் பக்கத்தில் யார் இருப்பது என்று யோசிக்கவில்லை. அதுவும் எழுத வேண்டிய விஷயம்தான், ஆனால் அதை எழுத அங்கே படித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

எனக்கு அந்த மூன்று வயதுப் பேரன்தான் மனதில் நிற்கிறான். அவன் தாய் வயிற்றில் இருந்தது அதே 2022இல். கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்கும் திரிபோஷா சத்துமாவுக்கும் தட்டுப்பாடு வந்த வருடம். 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மன் படை வழியை மறித்ததால் நெதர்லாந்தில் பஞ்சம் வந்தது. அப்போது தாய் வயிற்றில் இருந்த பிள்ளைகளை ஐம்பது வயதுக்குமேல் பரிசோதித்தபோது மற்றவர்களைவிடச் சீனிக் கோளாறு கூடுதலாக இருந்தது. பஞ்சம் ஆறு மாதம், அது உடம்பில் எழுதியது ஐம்பது வருடம் கழித்து வாசிக்கக் கிடைத்தது. பேரனுக்கு 52 வயதாகும்போது யாராவது ஒரு டொக்டர், சோற்றைக் குறைத்திருக்கலாமே என்று கேட்பாராக்கும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். டொக்டரின் பத்தியை நிறுத்தச் சொல்லவில்லை, அது வரட்டும். அதற்குக் கீழே மாதம் ஒரு தடவை நாலு அங்குல இடம் தாருங்கள். உங்கள் பக்கத்தில் விளம்பரம் போடக் காசில்லாமல் மதிலில் ஒட்டிவிட்டுப் போனவர்களின் அறிவித்தல்களை அதில் போடலாம். பெயர் வேண்டாம், படம் வேண்டாம், வீட்டுக்காரர்களிடம் கேட்டுத்தான் தருவேன். பிறப்பிடம், வசிப்பிடம், செய்த தொழில், வயது. இந்த நாலு மட்டும். வயதை எடுக்கச் சொன்ன அம்மாவிடமும் கேட்டேன், பெயர் இல்லையென்றால் போடுங்கள் என்றார்.

மாதக் கடைசியில் நானே கொண்டுவந்து தருகிறேன். புரூஃபும் வேண்டுமானால் பார்த்துத் தருகிறேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, போன ஞாயிறு டொக்டரின் கட்டுரையில் மூன்றாம் பத்தியில் ‘கொழுப்பு’ என்று வர வேண்டிய இடத்தில் ஓர் எழுத்து மாறி, “இரத்தத்தில் கொழும்பு கூடினால் மாரடைப்பு வரும்” என்று அச்சாகியிருந்தது. திருத்தம் போடுவதற்கு முன் ஒருதரம் யோசியுங்கள்.

இப்படிக்கு,
ஓர் அச்சுக்கோப்பாளர்
கொழும்பு 13